அருஞ்சொல்லும் பொருளும்: இந்தியாவில் ஆங்கிலச் சொற்கல்வியின் வரலாறு – உரியியல் நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு மொழியைப் புதிதாகக் கற்பவர்க்கு இலக்கணத்தினும் பெருந்தடையாக அமைவது சொல்வளமே ஆகும். இலக்கண விதிகள் எண்ணிக்கையில் அடங்குவன, சொற்களோ அடங்காதன. அன்றாட வழக்கில் உள்ள எளிய சொற்களைக் கேட்டும் பேசியும் அறிந்துகொள்ளலாம். நூல்வழக்கில் மட்டும் பயிலும் அரிய சொற்களுக்கு அவ்வழி இல்லை. அவற்றிற்கெனப் பட்டியலும் நிகண்டும் அகராதியும் வேண்டப்படுகின்றன. இந்தியாவில் ஆங்கிலம் பரவத் தொடங்கிய காலம் முதல், ஆங்கில அருஞ்சொற்களைப் பொருளோடு கற்றல் என்பது கல்வியின் பெரும்பகுதியாகவும் சில வேளைகளில் கல்வி முழுவதுமாகவும் கருதப்பட்டு வந்துள்ளது.

இச்சொற்கல்வியை ஆராய்ந்தோர் பலரும் அதனை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்கியுள்ளனர். அம்மனப்பாட முறை எங்கிருந்து வந்தது, அது எங்குப் பயன்தந்தது, எங்குத் தோற்றது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. கல்கத்தா, சென்னை, யாழ்ப்பாணம், டாக்கா ஆகிய இடங்களில் நிகழ்ந்தவற்றை ஒப்புநோக்கி அவ்வினாக்களுக்கு விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது. தொல்காப்பிய உரியியல் வகுத்துள்ள சொற்பொருள் நெறி இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

உரியியல் காட்டும் நெறி

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எட்டாம் இயலாகிய உரியியல், அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் இயலாகும். தமிழ் நிகண்டுகளுக்கும் அகராதிகளுக்கும் அதுவே ஊற்றுக்கண் என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. அவ்வியலில் சொற்களுக்குப் பொருள் கூறப்படுவதோடு, பொருள் கூறும் முறை பற்றிய கருத்துகளும் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் நான்கு இவ்வாய்விற்கு இன்றியமையாதன.

ஒன்று, யாவர்க்கும் வெளிப்படையாக விளங்கும் சொற்களுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை. விளங்காதவற்றிற்கே கூறவேண்டும் என்பது. இரண்டு, பழக்கமில்லாத சொல்லைப் பழகிய சொல்லோடு சார்த்தியே விளக்கவேண்டும் என்பது. மூன்று, ஒரு சொல்லுக்குக் கூறிய பொருளுக்கும் பொருள் கேட்டுக்கொண்டே செல்வோமாயின் அதற்கு முடிவில்லை என்பது. நான்கு, பொருளை உணர்த்தும் வழி உணர்வோரின் ஆற்றலைப் பொறுத்தது என்பது. இவற்றுடன், சொல் எம்மரபில் வழங்குகிறதோ அம்மரபின்வழியே அதன் பொருளைக் காணவேண்டும் என்னும் கருத்தும் உரியியலின் அடிநாதமாக உள்ளது.

இக்கருத்துகள் ஒரு மொழியின் எல்லைக்கு உட்பட்டவை அல்ல. எம்மொழியிலும் அருஞ்சொல் கற்பிக்க முனைவோர் இச்சிக்கல்களை எதிர்கொண்டே தீர்வர். ஆங்கிலத்தின் அகராதி வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது.

ஆங்கிலேயர்க்கே அரியவாயிருந்த ஆங்கிலச் சொற்கள்

ஆங்கில அருஞ்சொற்கள் இந்திய மாணவனுக்கு மட்டுமே கடினமானவை என்று எண்ணுவது பொருந்தாது. பதினாறாம் நூற்றாண்டில் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து ஏராளமான சொற்கள் ஆங்கிலத்துள் புகுந்தன. கற்றோர் எழுத்தில் அவை மிகுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. தாமஸ் வில்சன் 1553இல் வெளியிட்ட சொற்கலை நூலில், மைக்கூட்டிலிருந்து பிறந்த சொற்கள் என்று அவற்றை எள்ளினார். சர் ஜான் சீக் என்னும் அறிஞர் பிறமொழிக் கலப்பற்ற ஆங்கிலத்தை வலியுறுத்தினார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூறு வீரர்களின் தலைவனைக் குறிக்கும் இலத்தீன் வழிச்சொல்லை விலக்கி, நூறு என்னும் பொருளுடைய ஆங்கில அடியிலிருந்தே ‘ஹண்ட்ரடர்’ என்னும் சொல்லை ஆக்கிக்கொண்டார். தமிழில் 1916இல் மறைமலையடிகள் முன்னெடுத்த தனித்தமிழ் இயக்கத்தை அறிந்தோர்க்கு இவ்விவாதம் புதிதாகத் தோன்றாது.

ஆயினும் வந்த சொற்கள் நிலைபெற்றன. அவற்றைக் கல்லாதவர்க்கு விளக்கும் தேவையிலிருந்தே ஆங்கிலத்தின் ஒருமொழி அகராதி பிறந்தது. பள்ளி ஆசிரியராயிருந்த ராபர்ட் கௌட்ரி 1604இல் வெளியிட்ட அகரநிரல் பட்டியல், ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்களுக்கு எளிய ஆங்கிலத்தில் பொருள் தந்தது. இலத்தீன் கற்கும் வாய்ப்பற்றிருந்த பெண்டிர்க்கும் பயிற்சி குறைந்த பிறர்க்கும் உதவுவதே அதன் நோக்கம் என்று நூலின் முகப்பே அறிவித்தது. வெளிப்படைச் சொற்கள் அதில் இடம்பெறவில்லை. உரியியலின் முதற்கருத்து அங்கு அறியாமலே பின்பற்றப்பட்டுள்ளது எனலாம்.

1623இல் ஹென்றி காக்கரம் வெளியிட்ட அகராதி இன்னொரு படி சென்றது. அதன் முதற்பகுதி அருஞ்சொல்லுக்கு எளிய பொருள் தந்தது. இரண்டாம் பகுதியோ எளிய சொல்லைக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பயன்படுத்தத்தக்க உயர்ந்த சொல்லைக் காட்டியது. படிப்பதற்கு மட்டுமன்றிப் பிறர் முன் கற்றவராகத் தோன்றுவதற்கும் அருஞ்சொல் தேவைப்பட்டது என்பதை இப்பகுதி உணர்த்துகிறது. அருஞ்சொல் கல்வி சமூக மதிப்போடு பிணைந்தது ஆங்கில நாட்டிலேயே தொடங்கிவிட்டது என்பது கருதத்தக்கது.

எளிய சொற்களும் அகராதியில் இடம்பெற்றது 1702இல் ஜான் கெர்சி தொகுத்த அகராதியின் பின்னரே ஆகும். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி வேறொரு வழியைத் திறந்தது. ஏறத்தாழ 42,000 தலைச்சொற்களைக் கொண்ட அவ்வகராதி, நூறாயிரத்திற்கும் மேற்பட்ட இலக்கிய மேற்கோள்களைத் தந்தது. பொருள் என்பது அகராதியாளர் கூறும் விளக்கத்தில் மட்டுமன்றி, நல்லாசிரியர் எழுத்தில் அச்சொல் ஆளப்பட்டுள்ள இடங்களிலும் அடங்கியுள்ளது என்பது அதன் அடிப்படை. நம் உரையாசிரியர்கள் சொல்லுக்குப் பொருள் கூறி மேற்கோளால் நிறுவும் மரபோடு இதனை ஒப்பிடலாம்.

கல்கத்தாவில் சொற்களின் எண்ணிக்கை

ஆங்கிலம் இந்தியாவில் வேரூன்றியது வாணிகத்தாலும் நீதிமன்றத்தாலும் ஆகும். சென்னையில் துபாஷிகள் ஆங்கிலேயரோடு பழகிச் செவிவழியாகவே மொழியறிந்தனர். கல்கத்தாவில் 1774இல் உச்சநீதிமன்றம் அமைக்கப்பட்டபின் ஆங்கிலம் அறிந்தோரின் தேவை பெருகியது. ஆனால் முறையான பள்ளிகள் மிகச் சிலவே. இந்துக் கல்லூரியும் பள்ளிநூற் கழகமும் 1817இல்தான் தோன்றின.

இவ்விடைக்காலத்தில் ஆங்கிலக் கல்வி எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சிவநாத் சாஸ்திரி, ராம்தனு லாஹிரியின் வாழ்க்கையை மையமாகக் கொண்டு 1904இல் வங்காளியில் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். இலக்கணத்திலும் வாக்கிய அமைப்பிலும் கருத்துச் செலுத்தப்படவில்லை. எத்தனை ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு ஒப்பிக்க இயலும் என்பதே புலமையின் அளவாயிருந்தது. இருநூறு அல்லது முந்நூறு சொற்கள் கற்றவர் என்று சான்றிதழ் வழங்கும் வழக்கமும் இருந்ததாக அவர் குறிப்பிடுகிறார். அகராதியையே மனப்பாடம் செய்தோரும் இருந்தனர்.

இவ்வகையில் ஒப்பித்த சொற்கள் வங்காளிச் செய்யுள் வடிவில் அமைக்கப்பட்டிருந்தன என்பது நம் கவனத்திற்குரியது. தத்துவ அறிஞன், உழவன், பூசணி, வெள்ளரி ஆகியவற்றிற்குரிய ஆங்கிலச் சொற்கள் வங்காளிப் பொருளோடு ஒரே செய்யுளில் இயைபுத் தொடையுடன் கோக்கப்பட்டு, மாணவர் வாயில் வழங்கின. தத்துவ அறிஞனுக்கும் பூசணிக்கும் இடையே பொருள் தொடர்பு யாதும் இல்லை. ஓசை ஒன்றே அவற்றைப் பிணைத்தது. பிற்காலத்தார் இதனை நகைச்சுவைக்குரியதாகவே எடுத்துக்காட்டி வந்துள்ளனர்.

இக்காலச் சூழலில் தோன்றிய பெருமுயற்சி ராம்கமல் சென்னின் ஆங்கில – வங்காளி அகராதியாகும். அச்சகத்தில் எழுத்துக்கோப்பவராகப் பணிதொடங்கி, பின்னர் நாணயச்சாலையிலும் வங்காள வங்கியிலும் திவான் பதவி வரை உயர்ந்தவர் அவர். ஜான்சனின் அகராதியை டாட் என்பவர் திருத்தி விரித்த பதிப்பை அடியொற்றி, 1834இல் இரு தொகுதிகளாக அவர் அதனை வெளியிட்டார். வங்காளத்தில் ஆங்கிலக் கல்வி தொடங்கிய வரலாற்றையும் அதன் முன்னுரையில் கூறினார். முந்நூறு சொற்களால் அளக்கப்பட்ட கல்வி, ஒரு தலைமுறைக்குள் ஜான்சனின் சொற்கடலை நோக்கி நகர்ந்தது இதனால் புலனாகும்.

நிகண்டும் சொற்பட்டியலும்

செய்யுளில் கோக்கப்பட்ட ஆங்கிலச் சொற்பட்டியலை நகைத்து ஒதுக்குவோர், அதன் பின்னிருந்த மரபை மறந்துவிடுகின்றனர். வங்காளத்து வடமொழிப் பாடசாலைகளில் அமரகோசம் மனப்பாடம் செய்யப்பட்டது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு மனப்பாடம் செய்யப்பட்டது. திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் இயன்றவை. சூடாமணி விருத்தத்தால் இயன்றமையின் மனப்பாடத்திற்கு எளிதாயிற்று. அதன் பதினோராம் தொகுதி, ஒருசொல் பல்பொருட் சொற்களை எதுகை வரிசையில் அமைத்துள்ளது. அங்கும் ஓசையே சொற்களை அடுத்தடுத்து நிறுத்துகிறது. எனவே கல்கத்தா மாணவர் புதியதொரு பிழையைச் செய்யவில்லை; தமக்குத் தெரிந்த கல்விமுறையைப் புதிய மொழிக்குப் பொருத்தினர்.

நிகண்டு பயன்தந்தது, சொற்பட்டியல் தோற்றது என்றால் அதன் காரணம் மனப்பாடத்தில் இல்லை. நிகண்டு கற்ற மாணவன் அடுத்து அந்தாதியும் கோவையும் புராணமும் பாடம் கேட்டான். நிகண்டில் பெயரளவில் அறிந்த சொல்லை அந்நூல்களில் உயிரோடு சந்தித்தான். ‘கடி’ என்னும் ஓர் உரிச்சொல்லுக்கு நன்னூல் பதின்மூன்று பொருள்களைத் தருகிறது. காவல், கூர்மை, மணம், அச்சம், விரைவு, புதுமை எனத் தொடரும் அப்பட்டியலை மட்டும் அறிந்தவனுக்குக் ‘கடிநகர்’ என்பது காவலமைந்த நகர் என்பதும், ‘கடிமலர்’ என்பது மணமுள்ள மலர் என்பதும் தாமே விளங்கா. நூல் பயின்றவனுக்கு விளங்கும். நிகண்டு வாயிலாக இருந்தது; வீடு இலக்கியமாக இருந்தது.

ஆங்கிலச் சொற்பட்டியலை ஒப்பித்தவனுக்கு அத்தகைய வீடு இல்லை. அச்சொற்கள் வழங்கும் நூல்கள் அவன் கைக்கு எட்டவில்லை. அவை வழங்கும் உரையாடலில் அவனுக்கு இடமில்லை. உரியியல் வற்புறுத்தும் மரபு என்னும் கூறு அங்கு அற்றுப்போயிற்று. ஜான்சன் மேற்கோள்களால் காக்க முயன்றதும் இதனையே. இருமொழி அகராதிகளிலோ பொதுவாக மேற்கோளுக்கு இடமிருப்பதில்லை. தலைச்சொல் ஒருபுறமும் அதற்கு ஈடாகிய சொல் மறுபுறமுமாக அமையும் அவற்றில், சொல்லின் பொருள் என்பது இன்னொரு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது.

தமிழில் இருமொழி அகராதிகள்: திசைமாற்றம்

தமிழோடு தொடர்புடைய ஐரோப்பிய அகராதி முயற்சிகள் தொடக்கத்தில் எதிர்த்திசையில் அமைந்தவை. தமிழ் கற்க வேண்டியிருந்தவர் ஐரோப்பியர். வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நாற்பகுப்பில் நிகண்டு மரபை அகரவரிசைக்கு மாற்றியது. சென்னை வேப்பேரியிலிருந்து பெப்ரிசியசும் பிரைத்தாப்டும் 1779இல் தமிழ் – ஆங்கில அகராதியை வெளியிட்டனர். 1786இல் அதற்கு இணையாக ஆங்கில – தமிழ் அகராதி வெளிவந்தது. தமிழில் பேசவும் எழுதவும் விழைந்த சமயப் பணியாளர்க்கு இவை கருவிகளாயின. 1812இல் எல்லிசின் முயற்சியால் சென்னையில் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியும் ஆங்கில அலுவலர்க்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்கவே ஏற்பட்டது.

திசை மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் காற்பகுதியில் ஆகும். மெக்காலேயின் குறிப்பைத் தொடர்ந்து 1835இல் ஆங்கிலக் கல்விக்கு அரசு நிதி ஒதுக்கப்பட்டது. 1844இல் ஹார்டிஞ்சு பிரபு, ஆங்கிலம் கற்றோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்று அறிவித்தார். அதே 1844இல், யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய நைட், ஸ்பால்டிங் ஆகியோர் தொகுத்து ஹட்சிங்ஸ் திருத்தி விரித்த ஆங்கில – தமிழ் அகராதி சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. பள்ளிகளுக்கான கையகராதி என்னும் நிலையில் அது அமைந்தது. ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவனே இப்போது அகராதியின் வாசகன்.

இத்திசைமாற்றத்தின் விளைவு ஆழமானது. தமிழ்ச்சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் எழுதும்போது தமிழ்ச்சொல் முன்னரே உள்ளது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் எழுதும்போதோ, அதற்கேற்ற தமிழ்ச்சொல் இருத்தல் வேண்டும்; இல்லையேல் ஆக்கல் வேண்டும். ஆங்கில அருஞ்சொற்களிற் பல இலத்தீன், கிரேக்க வழியின. அவற்றிற்கு ஈடாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டினர் பெரும்பாலும் வடசொற்களை நாடினர். ஆங்கிலத்திற்கு இலத்தீன் எவ்வாறோ அவ்வாறே தமிழுக்கு வடமொழி என்னும் எண்ணம் அங்குச் செயற்பட்டது எனலாம். இதன் பயனாக ஆங்கிலத்தில் அரிதாயிருந்த சொல்லுக்குத் தமிழிலும் அரிய சொல்லே பொருளாக அமைந்தது. மாணவன் பொருளுக்குப் பொருள் தேட வேண்டியவனானான். உரியியல் எச்சரித்த வரம்பின்மை இங்கு நடைமுறையில் நிகழ்ந்தது.

ஆங்கிலச் சொல்லடுக்குகளின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ‘ஆஸ்க்’ என்பது தொன்மையான ஆங்கிலச் சொல். ‘கொஸ்சின்’ என்பது பிரெஞ்சு வழி வந்தது. ‘இன்டராகேட்’ என்பது இலத்தீன் வழியது. தமிழில் கேட்டல், வினவுதல், விசாரித்தல் என்னும் மூன்றும் ஏறத்தாழ இவற்றோடு ஒத்து நிற்கின்றன. மூன்றாவது வடசொல் அடியாகப் பிறந்தது. மூன்றிற்கும் ‘கேள்’ என்று பொருள் எழுதினால் பிழையில்லை. ஆனால் அவ்வாறு கற்றவன் நண்பனிடம் நலம் கேட்பதற்கும் மூன்றாம் சொல்லை ஆளக்கூடும். காவல் நிலையத்தில் நிகழ்வதும் நட்பில் நிகழ்வதும் அவனுக்கு ஒன்றாகிவிடும்.

அகராதி வழியாக அன்றிப் பாடநூல் வழியாக இச்சிக்கலை எதிர்கொண்டவரும் உளர். அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிரீன் யாழ்ப்பாணத்தில் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கிக் கலைச்சொற் பட்டியல்களையும் வெளியிட்டார். அவர்தம் மாணவர்க்குச் சொல் தனித்து வரவில்லை; உடற்கூறும் நோயும் மருந்தும் உடன்வந்தன. பொருளைக் காட்டிப் பெயரைக் கற்பித்த முறை என்று அதனைக் கூறலாம்.

தேர்வும் மனப்பாடமும்

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. நுழைவுத் தேர்வு கல்வியின் வாயிலாயிற்று. ஆங்கிலப் பாடநூலின் ஒவ்வொரு பகுதிக்கும் அருஞ்சொற் பொருளும் கருத்துரையும் தரும் குறிப்புநூல்கள் பெருகின. இப்போது மாணவனிடம் இலக்கியம் இருந்தது. ஆனால் அவன் அதனைப் படிக்காமல் அதன் அருஞ்சொற் பட்டியலையே படித்தான். நிகண்டு கற்று நூல் பயின்ற மரபு தலைகீழாயிற்று. நூலே நிகண்டாகச் சிதைக்கப்பட்டது.

1902இல் அமைந்த இந்தியப் பல்கலைக்கழக ஆணையம் இந்நிலையைக் கண்டித்தது. ஆங்கிலத்தை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் பெறுமுன்னரே மாணவர் அம்மொழி வாயிலாகப் பிற பாடங்களைக் கற்க நேர்வதையும், கல்லூரிச் சொற்பொழிவுகளைப் பின்தொடர இயலாமல் இடர்ப்படுவதையும் அது சுட்டியது. சொற்கள் ஆயிரக்கணக்கில் நினைவிலிருந்தும் தொடர் விளங்காமை என்பது சொற்கல்வியின் குறையை வெளிப்படுத்துகிறது.

இதன் மறுபக்கம் தமிழ் எழுத்தாளரிடம் காணப்படுகிறது. ஆங்கிலம் நன்கறிந்த பாரதியார், சங்கத்தின் ‘மெம்பர்’ என்னும் சொல்லுக்கு ஈடான தமிழ்ச்சொல்லைத் தேடி, பல சொற்களை எண்ணிப் பார்த்தும் மனம் நிறைவடையாமல், இறுதியில் அச்சொல்லையே எழுதநேர்ந்ததைத் தம் கட்டுரையொன்றில் கூறியுள்ளார். அவருக்குப் பொருள் தெரியாமலில்லை. அச்சொல் குறிக்கும் பொதுவாழ்வுப் பங்கு தமிழ்ச்சூழலில் அப்போது உருப்பெற்றுக் கொண்டிருந்தது. அதற்குரிய சொல் நிலைபெறவில்லை. சங்கங்களும் பேரவைகளும் பெருகியபின் ‘உறுப்பினர்’ என்பது இயல்பாக வழங்கலாயிற்று. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் முயற்சியால் தோன்றிய தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கமும், பின்வந்த கலைச்சொல் முயற்சிகளும் இத்தேவையின் விளைவுகளே. ஆங்கில அருஞ்சொல்லுக்குப் பொருள் காண முயன்ற உழைப்பு, தமிழின் இக்காலச் சொல்வளத்தையும் ஆக்கித்தந்தது என்பதை இங்குப் பதிவு செய்தல் வேண்டும்.

டாக்காவில் ஒரு மறுசிந்தனை

இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவரின் ஆங்கிலக் கல்வியை நேரில் ஆராய்ந்தார். வங்காளத்தைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு எழுதிய இருமொழியம் பற்றிய நூலை 1926இல் வெளியிட்டார். பெரும்பாலான மாணவர் கல்வியை இடையில் நிறுத்திவிடுகின்றனர். அவர்க்கு மிகுதியும் பயன்படுவது படிக்கும் ஆற்றலே என்பது அவர் கண்ட முடிவு. பழைய வாசக நூல்களில் பக்கந்தோறும் புதிய அருஞ்சொற்கள் செறிந்திருந்தன. ஒருமுறை வந்த சொல் மீண்டும் வருவதில்லை. வெஸ்ட் தம் வாசக நூல்களில் புதுச்சொற்களைக் குறைத்து, மிகுதியும் வழங்கும் சொற்களை முதலில் அறிமுகப்படுத்தி, வந்த சொல்லை மீண்டும் மீண்டும் வரச்செய்தார்.

1935இல் எண்டிகாட்டுடன் இணைந்து அவர் வெளியிட்ட அகராதி இவ்வாய்விற்குச் சிறப்பாக உரியது. ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் அது 1,490 சொற்களை மட்டும் கொண்டு பொருள் விளக்கியது. அந்த 1,490 சொற்களை அறிந்தவன் எந்த விளக்கத்திற்கும் மேலும் பொருள் தேட வேண்டியதில்லை. பழகாததைப் பழகியதோடு சார்த்துதல், பொருட்குப் பொருள் தேடும் முடிவின்மையைத் தவிர்த்தல் என்னும் உரியியலின் இரு கருத்துகளும் ஓர் அகராதியின் அமைப்பு விதியாகவே மாறியுள்ளமையை இங்குக் காண்கிறோம். வெஸ்ட் தொல்காப்பியத்தை அறிந்திருந்தார் என்பது இதன் பொருளன்று. ஒரே சிக்கலை நேர்மையாக எதிர்கொண்ட இருவேறு மரபுகள் ஒரே தீர்வை நோக்கிச் சென்றன என்பதே கொள்ளத்தக்கது.

பிற்கால ஆங்கில அகராதிகள் இவ்வழியை விரிவாக்கின. 1978இல் வெளிவந்த லாங்மன் தற்கால ஆங்கில அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களில் தன் விளக்கங்களை அமைத்தது. இந்தியாவில் 1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தோன்றியது. தமிழ்நாட்டில் 1959இல் ஆசிரியர்க்கான பெரும் பயிற்சித் திட்டம் தொடங்கி, சொற்பட்டியலினின்று தொடரமைப்பு நோக்கிக் கற்பித்தலைத் திருப்ப முயன்றது.

தமிழ் அகராதித் துறையும் இணையாக வளர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது; தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் கூறி இலக்கிய மேற்கோளும் தந்தது. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ஆங்கில – தமிழ்ச் சொற்களஞ்சியம் 1963 முதல் 1965 வரை வெளிவந்து, பல தலைமுறை மாணவர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் துணையாயிற்று. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கத்தோடு இக்கால வழக்கிலிருந்து எடுத்துக்காட்டுத் தொடர்களையும் தந்தது. மரபின்வழியே பொருள் காணும் நெறி அகராதியில் மீண்டும் இடம்பெற்றது.

சொல்லொன்றின் இருமுகம்

இவ்வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. போட்டித் தேர்வுகளுக்கும் வெளிநாட்டுக் கல்விக்கும் ஆயத்தமாகும் மாணவர் இன்றும் ஆங்கில அருஞ்சொற்களைப் பட்டியலிட்டு ஒப்பிக்கின்றனர். பட்டியலின் வடிவம் மாறியுள்ளதே அன்றி முறை மாறவில்லை. ‘சாங்ஷன்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் அலுவலகங்களில் கடனோ விடுப்போ ‘சாங்ஷன்’ ஆயிற்று என்றால் ஒப்புதல் கிடைத்தது என்று பொருள். அதே சொல் நாடுகளுக்கிடையிலான உறவில் வரும்போது, செய்தித்தாள்கள் அதனைப் பொருளாதாரத் தடை என்று மொழிபெயர்க்கின்றன. ஒப்புதல், தடை என்னும் இரண்டையும் பட்டியலில் அடுத்தடுத்து எழுதி ஒப்பித்தவனுக்கு அவை முரணாகவே தோன்றும். ஆணைக்கு வலிமை தருவது என்னும் மூலக்கருத்தை அறிந்தவனுக்கு, ஒப்புதலால் தரும் வலிமையும் தண்டத்தால் தரும் வலிமையும் ஒன்றன் இருமுகங்களாக விளங்கும். ‘கடி’ என்னும் சொல் காவலையும் மணத்தையும் குறிக்கும்போது நம் உரையாசிரியர்கள் இடம்நோக்கிப் பொருள் கொண்டதும் இவ்வகையினதே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஆங்கில அருஞ்சொல் என்பது ஆங்கிலேயர்க்கும் அரிதாகவே இருந்தது. அதன் அகராதி மரபு, கல்வி வாய்ப்பற்றவர்க்கு உதவுவதற்காகத் தோன்றியது. இந்தியாவில் சொற்களை ஒப்பிக்கும் முறை குடியேற்ற ஆட்சியால் மட்டும் விளைந்ததன்று. நிகண்டு மரபின் தொடர்ச்சியும் அதில் உண்டு. நிகண்டின் மனப்பாடம் பயன்தந்தமைக்குக் காரணம், அதனையடுத்து நூற்பயிற்சி இருந்தமையே. ஆங்கிலச் சொற்கல்வி தோற்ற இடங்களில் அந்நூற்பயிற்சி இல்லை, அல்லது தேர்வின் பொருட்டுக் கைவிடப்பட்டது. டாக்காவிலும் யாழ்ப்பாணத்திலும் கண்ட வெற்றிகள், சொல்லை அறிந்த சொல்லோடும் பொருளோடும் தொடரோடும் சார்த்திக் கற்பித்தமையால் வந்தவை.

இம்முடிவு ஆங்கிலம் கற்பிப்போர்க்கு மட்டும் உரியதன்று. தமிழகத்திற்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களில் தமிழைப் பிறமொழி மாணவர்க்கு நாம் கற்பிக்கிறோம். அம்மாணவர் கையில் முதல்நாளே சொற்பட்டியலைக் கொடுத்து, வார இறுதியில் ஒப்பிக்கச் செய்யும் வழக்கம் நம்மிடமும் உள்ளது. பட்டியல் தேவையே, ஒப்பித்தலும் தீங்கன்று. ஆனால் அச்சொற்கள் வழங்கும் கதையோ செய்தியோ உரையாடலோ அதே வாரத்தில் அவர்க்குக் கிட்டாவிடில், நாமும் முந்நூறு சொற்களுக்குச் சான்றிதழ் வழங்கியவர்களாகவே ஆவோம். உணர்த்தும் வழி உணர்வோரைப் பொறுத்தது என்னும் உரியியல் நெறியை இயற்றிய மொழிக்குரியோர், தம் மொழியைக் கற்பிக்கும்போதேனும் அதனைப் பின்பற்றுதல் கடமையாகும்.